மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டு ஜிம் டிரெய்னர் ஆகலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 38. பி.காம். படித்தவர். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைச் சொன்ன தேதியில் முடித்து அனுப்பவைப்பவர். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 34,000 ரூபாய். கணவர் நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். பிள்ளைகள் எட்டாவதும் மூன்றாவதும் படிக்கிறார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு வந்து எடை 82 கிலோவுக்குப் போயிருக்கிறது. ஜிம்மில் சேர்ந்து, மூன்று ஆண்டுகளில் 66க்கு இறக்கியிருக்கிறார். இப்போது அங்கே வரும் பெண்கள் டிரெய்னரை விட்டுவிட்டு இவரிடம்தான் சந்தேகம் கேட்கிறார்களாம்.

இதைப் பார்த்த ஜிம் உரிமையாளர், "நீங்களே டிரெய்னரா வந்துடுங்க" என்று அழைத்திருக்கிறார். மாதம் 12,000 நிலையான தொகை, ஒருவருக்குத் தனியாகச் சொல்லித்தரும் பர்சனல் டிரெய்னிங் கட்டணத்தில் 40 சதவீதம், புரோட்டீன் பவுடர் விற்றால் தனிக் கமிஷன். கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு வாரப் படிப்புக்கு 65,000 ரூபாய் கேட்கிறது. அரசு அங்கீகாரம், வேலை உத்தரவாதம் என்று சொல்கிறது. கொழுந்தனாரோ, நகையை வைத்து 12 லட்சம் புரட்டிப் பெண்களுக்கு மட்டுமான ஜிம் ஒன்றைத் தொடங்கச் சொல்கிறார். மாமியார், "இந்த வயசுல ஊருக்கு எக்ஸர்சைஸ் சொல்லிக்குடுக்கப் போறியா?" என்கிறார். கணவர் சொன்னது ஒரே வரி: "உன் இஷ்டம்."

தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ராஜினாமா கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார் வாசகி. அவருடைய கேள்வி: "என் உடம்பையே மாத்திக் காட்டிட்டேன். இதைவிட என்ன தகுதி வேணும்? 38 வயசு தடையா இருக்குமா? வேலையை விடலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விடலாம். ஆனால் இந்தத் தீபாவளிக்கு வேண்டாம். இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்து நான்கு ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் பத்து மாதம் இருந்தால் ஐந்து ஆண்டு நிறைந்து பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 20,800. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 12,000. ஐந்து ஆண்டுக்கு 60,000 ரூபாய். கோவைக்காரர்கள் கேட்கும் கட்டணம் கிட்டத்தட்ட அதிலேயே வந்துவிடுகிறது. ஐந்து ஆண்டு என்பது பணியிலிருந்து விடுவிக்கப்படும் நாள் வரை எண்ணப்படுவது என்பதால், நோட்டீஸ் காலமும் அதில் சேரும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டுதான். ஆனால் இரண்டு மாதத்தை மிச்சம் பிடிக்கப்போய் நிறுவனத்தோடு வழக்காடிக்கொண்டிருப்பது யாருக்கு லாபம்?

வயதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்களிடம் வரப்போகிறவர்கள் முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வயதுப் பெண்கள். 23 வயதுப் பையன் எதிரில் நின்று "இன்னும் அஞ்சு, இன்னும் அஞ்சு" என்று கத்துவதைவிட, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி பக்கத்தில் நின்று சொல்லித்தருவதைத்தான் அவர்கள் விரும்புவார்கள். சிறுநீர் கசிகிறது, குதிக்க முடியவில்லை என்று அவர்கள் உங்களிடம்தான் வாய்விட்டுச் சொல்வார்கள். திருப்பூர் மாதிரி ஊரில் நல்ல பெண் டிரெய்னர் கிடைப்பது இன்னும் அரிதாகத்தான் இருக்கிறது. அந்த வகையில் உங்கள் கணிப்பு சரியானது.

82இலிருந்து 66: அது தகுதியா?

இங்கேதான் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பதினாறு கிலோ இறக்கியது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டில் நீங்கள் கற்றது ஒரே ஓர் உடம்பைப் பற்றி. நாளைக்கு வரும் பெண்ணின் முட்டி வேறு, மாத்திரை வேறு, பயம் வேறு.

நான் உடற்பயிற்சி நிபுணர் இல்லை. வேலை மாற நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். ஆனால் அனுபவமுள்ள ஒரு பெண் டிரெய்னர், புதிதாக வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு முதல் வகுப்பு எடுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்த இயந்திரத்தையும் தொடவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். "கையை ஊணாம எந்திரிங்கக்கா." அந்த அம்மா எழுந்தார். எழும்போது வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, குதிகால் லேசாகத் தரையை விட்டுக் கிளம்பியது, மூச்சைத் தம் கட்டிப் பிடித்துக்கொண்டார். டிரெய்னர் ஒன்றும் திருத்தவில்லை. "பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று மட்டும் கேட்டார். "அது ரெண்டு வருஷமா போடறேன். அதையெல்லாமா சொல்லணும்?" என்றார் அந்த அம்மா. சேர்க்கைப் படிவத்தில் நோய் எதுவும் இல்லை என்றுதான் எழுதியிருந்தார். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடித்தால் அழுத்தம் சட்டென்று எகிறும். அன்று மீதி நேரம் முழுக்க, எழும்போது மூச்சை வெளியே விடுவது ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

இதுதான் நீங்கள் போகப்போகும் வேலை. இதில் உங்கள் சொந்த உடற்பயிற்சிக்கு நேரம் குறையுமே தவிர அதிகமாகாது. ஜிம்மில் இருக்கப் பிடிப்பது ஒரு விஷயம். உட்கார்ந்து எழும் ஒரே ஸ்குவாட்டை ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு, அலுப்புக் காட்டாமல் சொல்லித்தரப் பிடிப்பது வேறு விஷயம். இரண்டாவது உங்களுக்குப் பிடிக்குமா என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கே இன்னும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதே சமயம், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை நீங்கள் கடிதத்தில் கணக்கிலேயே எடுக்கவில்லை. பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் போட்டு, டையிங்காரரை விரட்டி, டெய்லரிங்கில் போய் நின்று, சொன்ன தேதியில் சரக்கை ஏற்றிவிடுகிற பழக்கம். டிரெய்னர்கள் பலர் சறுக்குவது உடற்பயிற்சி அறிவில் இல்லை. வராதவர்களுக்குப் போன் செய்ய மாட்டார்கள், யார் எவ்வளவு தூக்கினார் என்று குறித்துவைக்க மாட்டார்கள், கட்டணம் முடிகிற தேதியைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். உங்களுக்கு இதெல்லாம் தினப்படி வேலை.

அந்த 65,000 ரூபாய்ப் படிப்பு

டிரெய்னராக வேலை செய்ய வழக்கறிஞர்போல, மருத்துவர்போல உரிமம் வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. ஆகவே 'இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் தொழில் செய்ய முடியும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சான்றிதழ் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பாதுகாப்பாகச் சொல்லித்தர அது அவசியம். எந்தச் சான்றிதழ் என்பதுதான் கேள்வி.

'அரசு அங்கீகாரம்' என்றால் எது என்று எழுத்தில் கேளுங்கள். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ், விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதி துறைக்கான திறன் கவுன்சில் வழங்கும் ஃபிட்னஸ் டிரெய்னர் தகுதியா? ஆம் என்றால் அதன் குறியீட்டு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. பதிவையும் எம்.எஸ்.எம்.இ. பதிவையும் காட்டி 'அரசு அங்கீகாரம்' என்பவர்கள் இருக்கிறார்கள். அது கடை வைத்திருப்பதற்கான அத்தாட்சி, பாடத்துக்கானது அல்ல. வேலை உத்தரவாதம் என்றால் எந்த ஊரில், என்ன சம்பளத்தில், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுதித்தரச் சொல்லுங்கள். பாதிப்பேர் அந்த இடத்திலேயே பின்வாங்கிவிடுவார்கள்.

இன்னொரு வழி, அமெரிக்க அமைப்புகளான ஏ.சி.இ., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. போன்றவற்றின் தேர்வு. பெரிய ஜிம்களில் இவற்றுக்கு மதிப்பு உண்டு. ஏ.சி.இ. தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். சி.பி.ஆர். முதலுதவிச் சான்று கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொடர்கல்வி முடித்துப் புதுப்பிக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில்தான். தமிழ் மீடியத்தில் படித்ததாகத் தயங்கியிருக்கிறீர்கள். நாள் முழுக்கப் பையரோடு ஆங்கிலத்தில் மல்லாடுகிறவருக்குத் தசைகளின் பெயரா பெரிய விஷயம்? வேலையில் இருந்துகொண்டே நான்கைந்து மாதம் இரவில் படிக்கலாம். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்குப் பொருந்தும் குறுகியகாலப் படிப்பு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எதில் சேர்ந்தாலும் சி.பி.ஆர். பயிற்சியை முதலில் முடித்துவிடுங்கள்.

உரிமையாளர் சொன்ன கணக்கு

உங்கள் ஜிம்மில் பர்சனல் டிரெய்னிங் கட்டணம் மாதம் 5,000, பன்னிரண்டு வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 40 சதவீதம் 2,000. இப்போதைய 34,000 வர வேண்டுமானால், 12,000 போக மீதி 22,000க்குப் பதினோரு பேர் வேண்டும். பதினோரு பேருக்கு மாதம் 132 வகுப்பு. 26 நாளால் வகுத்தால் தினம் ஐந்து மணி நேரம். தவிர, ஜிம் தளத்தில் நின்று எல்லோரையும் கவனிக்கும் வேலை தனி. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரை, மறுபடி மாலை ஐந்திலிருந்து ஒன்பது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் நீங்கள் ஜிம்மில், அவர்கள் பள்ளியில் இருக்கும்போது நீங்கள் வீட்டில். 'பிள்ளைகளோடு அதிக நேரம் கிடைக்கும்' என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலை அப்படிக் கொடுக்காது.

ஆனால் பெண்களுக்கு மட்டும் சொல்லித்தருபவருக்கு ஆண் டிரெய்னர்களுக்கு இல்லாத ஒரு நேரம் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலையும் முடித்துவிட்டு வரும் இல்லத்தரசிகளுக்கான பத்து முதல் பன்னிரண்டு மணி. ஜிம்கள் காலியாகக் கிடக்கும் நேரமும் அதுவே. உரிமையாளரிடம் பேரம் பேச உங்கள் கையில் இருக்கும் சரியான துருப்பு இதுதான். "அந்த ரெண்டு மணி நேரத்துக்கு நான் ஆள் கொண்டுவர்றேன், பங்கு 60 சதவீதம் வேணும்" என்று கேட்டுப்பாருங்கள். நாலு பேரைச் சேர்த்து ஒரு குழுவாக எடுத்தால் ஆளுக்குக் கட்டணம் குறைந்தாலும் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு வருமானம் கூடும்.

ஆண்டுக்குப் பத்து மாத வருமானம் என்றே கணக்குப் போடுங்கள். மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுவார்கள். முழுப்பரீட்சை வந்தால் அம்மாக்களுக்கும் பரீட்சைதான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் அவசரமாக வரும் பெண், தாலி ஏறிய மறுநாளிலிருந்து வர மாட்டாள்.

ஒப்பந்தத்தின் நகலை அனுப்பியிருந்தீர்கள், நல்ல காரியம். விலகியபின் இரண்டு ஆண்டுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் யாருக்கும் பயிற்சி தரக் கூடாது என்றொரு வரி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவின்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது. வேலை முடிந்த பிறகும் தொடரும் இப்படிப்பட்ட தடைகளை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. வேலையில் இருக்கும்போதே அவர்கள் வாடிக்கையாளரைத் தனியே வளைப்பது வேறு, அதைச் செய்யாதீர்கள். இருந்தாலும், செல்லாத வரியைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் விடுவதை யாரும் தடுக்க முடியாது. அதனால் கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். அசல் டிகிரி சான்றிதழை ஒப்படைக்க வேண்டும் என்ற வரிக்கு மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். நகல் போதும். அசலைக் கொடுக்காதீர்கள்.

12,000 ரூபாயைச் 'சம்பளம்' என்று போடாமல் 'தொழில்முறைக் கட்டணம்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் பி.எஃப்., விடுப்பு எதுவும் கிடையாது. டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பத்து சதவீதம் பிடித்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு.

தைராய்டு, டயட், பவுடர்

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்த இடம், தோழி ஒருவர் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டதும், 'எனக்கு டோஸ் குறைந்தது, உங்களுக்கும் குறையும்' என்று நீங்கள் சொன்னதும். அந்தத் தோழிக்கு இன்றே போன் செய்து டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை பற்றி டிரெய்னர் சொல்ல வேண்டிய பதில் அது ஒன்றுதான்.

டயட் சார்ட்டும் அப்படித்தான். எண்ணெயைக் குறையுங்கள், பருப்பும் முட்டையும் சேருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று பொதுவாகச் சொல்வதில் தவறில்லை. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு 'இத்தனை கிராம் புரோட்டீன்' என்று எழுதித் தருவது உங்கள் வேலை இல்லை. டயட்டீஷியன், பிசியோதெரபிஸ்ட் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. நகரத்தில் ஒரு டயட்டீஷியன், ஒரு பிசியோ இருவரோடும் பழக்கம் வைத்துக்கொண்டு ஆளை அனுப்புங்கள். அவர்களும் உங்களிடம் அனுப்புவார்கள்.

சேர்பவர் ஒவ்வொருவரிடமும் 'பார்-க்யூ' என்ற ஏழு கேள்விப் படிவத்தை நிரப்பி வாங்குங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இதய நோய், மூட்டுப் பிரச்சினை, மாத்திரைகள் எல்லாம் அதில் வரும். எதற்காவது 'ஆம்' என்றால் டாக்டர் எழுதித்தந்த பிறகே தொடங்குங்கள். வாயாலும் ஒருமுறை கேளுங்கள். படிவத்தில் மறைத்ததைப் பேச்சில் சொல்லிவிடுவார்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வந்தால் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கட்டணம் வாங்கிச் செய்யும் சேவை என்பதால், உங்கள் கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அவருக்கு உரிமை உண்டு. இந்தப் படிவமும் தினசரிக் குறிப்புகளும்தான் அப்போது உங்கள் சாட்சி.

பவுடர் விற்கும் கமிஷன்? முதல் ஆண்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்களிடம் வருபவர்கள் உங்களை நம்பி வருகிறார்கள். பத்துச் சதவீதக் கமிஷனுக்காக ஒரு டப்பாவைத் தலையில் கட்டினால், அடுத்த மாதம் முட்டிக்கு நல்லது என்று நீங்கள் சொல்வதையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

இந்தப் பத்து மாதம்

சாம்பிள் அப்ரூவ் ஆகாமல் நீங்கள் பல்க் (மொத்த உற்பத்தி) போடுவீர்களா? அதே மாதிரிதான் இதுவும். காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழே முக்கால் வரை, தளத்து வேலை இல்லாமல், இரண்டே இரண்டு பேருக்கு மட்டும் எடுங்கள். அதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, வெளியே வேறு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறைத்துச் செய்து மாட்டினால் ரிலீவிங் லெட்டரே சிக்கலாகும். ஷிப்மெண்ட் வாரத்தில், இரவு பத்துக்கு வீடு வந்து மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அங்கே நிற்க முடிகிறதா, நின்றால் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆறாவது மாதத்திலும் அந்த இருவர் தொடர்ந்தால், அவர்களில் ஒருவர் மூன்றாவது ஆளைக் கூட்டிவந்தால், தொழில் உங்களுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தருவதில் வருமானம் அதிகம். 6,000 வீதம் ஆறு பேர் என்றால் 36,000. பங்கு கேட்க யாரும் இல்லை. பெட்ரோலும் அலைச்சலும் உங்களுடையது. தெரிந்தவர் சொல்லி வருபவர்களை மட்டும் எடுங்கள், கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள், முதல் நாள் உங்கள் கணவரைக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். போன இடத்தில் மனதுக்கு ஒவ்வாத ஏதாவது நடந்தால் மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ராஜினாமாவுக்கு முன்பே செய்ய வேண்டியது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். உங்களுக்கு ஏற்கெனவே தைராய்டு இருப்பதால், புதிய பாலிசியில் அதற்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் கடந்த காலம் கணக்கில் சேருமா என்று கேட்டு, முடித்த பிறகே கடிதம் கொடுங்கள். முந்தைய நிறுவனத்தின் பி.எஃப். கணக்கை இப்போதைய யு.ஏ.என். எண்ணோடு இணைத்துவிடுங்கள், எடுத்துச் செலவு செய்யாதீர்கள். பி.எஃப். திட்டத்தின் ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு வேண்டும். உங்களுக்கு இரண்டு நிறுவனமும் சேர்த்து எட்டைத் தாண்டுகிறது. ஓய்வூதியத் தொகையை எடுத்துவிடாமல், வேலை செய்த ஆண்டுகளைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், எப்போதாவது மறுபடி வேலைக்குப் போகும்போது இந்த எட்டும் சேர்ந்துகொள்ளும்.

கொழுந்தனாரின் 12 லட்சம் யோசனை இப்போது வேண்டாம். இடத்துக்கு அட்வான்ஸ், மெஷின், கரண்ட், நகைக்கு வட்டி என்று மாதம் பிறந்தால் ஓடும். மெஷினைத் திருப்பி விற்கப் போனால் கேட்கும் விலை அழவைக்கும். ஐம்பது பெண்கள் உங்கள் பெயருக்காக வருகிற நாளில் அவரிடம் பேசுங்கள்.

மாமியாரைப் பற்றி எழுதியதைவிடக் கணவரைப் பற்றி எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. 'உன் இஷ்டம்' என்று சொல்பவர் இன்னும் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. உட்காரவைத்து நேராகக் கேளுங்கள்: காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்புவது யார், டிபன் பாக்ஸ் யார் கட்டுவது, முதல் ஆறு மாதம் என் வருமானம் 15,000தான் என்றால் ஸ்கூல் ஃபீஸ் எதிலிருந்து? அவர் இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டால் மாமியாரிடம் நீங்கள் தனியாக வாதாட வேண்டியிருக்காது. பேரன் பேத்திக்குப் பசியாமல் இருந்தால் மாமியாரின் கோபம் பாதி குறையும் என்பது என் ஊகம். மாமியாருக்கு முட்டிவலி இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். டாக்டர் சரி என்றால், உங்கள் முதல் நாற்காலிப் பயிற்சியை அவருக்கே சொல்லித்தந்து பாருங்கள்.

ஒப்பந்தத்தில் உரிமையாளர் மாற்றம் செய்து கொடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த நகலையும், உங்கள் நியமனக் கடிதத்தின் நிபந்தனைப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.